மோரிக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று: வீட்டு இடுக்கியை நீங்களே வடிவமைக்கும் முறை

மும்பையின் பழைய வீடுகளில் சமையலறை மூலையிலேயே மோரி இருக்கும். சின்னதாய்த் திண்டு கட்டி, தண்ணீர் போக ஓட்டை வைத்து, அதன்மேல் ஜாலி (ஓட்டைகள் உள்ள சல்லடை மூடி) போட்ட இடம். பாத்திரம் கழுவுவதும் துணி அலசுவதும் அங்கேதான். சில வீடுகளில் குளியலும் அங்கேதான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, தலைமுடி, சோப்புத் துண்டு எல்லாம் அந்த ஜாலியில் வந்து சிக்கும். அதை வெறுங்கையால் எடுப்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மா, இல்லையென்றால் வேலைக்கு வரும் அக்கா. அவர்கள் கை அழுக்கில் படாமல் இருக்க ஒரு நல்ல இடுக்கி போதும். சப்பாத்தி திருப்பும் சிம்ட்டா இதற்கு உதவாது, முனை மழுங்கலாக இருக்கும். சூடான பாத்திரம் பிடிக்கும் சாண்ட்ஷியின் வாய் ஜாலிக்குள் நுழையவே நுழையாது.

50 செ.மீ. எவர்சில்வர் பட்டை ஒன்றும் சில கைக்கருவிகளும் இருந்தால் இந்த இடுக்கியை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பட்டையை வெட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை சில உண்டு. என்னைக் கேட்டால் பாதி வேலை அங்கேதான்.

படி 1: எதைப் பிடிக்கப் போகிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். மோரிக்கு: ஈரமானது, சிறியது, வழுக்குவது, முடி. அடுப்படிக்கு: அப்பளம், போண்டா, வெந்த முட்டை, சுட்ட கத்தரிக்காய். முதல் வகைக்கு ஒடுங்கிய, பல் வைத்த முனை வேண்டும். இரண்டாம் வகைக்கு அகலமான, விளிம்பு உருண்ட முனை. இரண்டையும் ஒரே இடுக்கியில் கொண்டுவர நினைக்காதீர்கள். சுத்தத்துக்காகவும் அவை தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது இந்த இடுக்கியின் வேலை இல்லை. காரணம் நெம்புகோல் கணக்கு. சாண்ட்ஷியில் ஆணி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும்; பிடி 15 செ.மீ., வாய் 3 செ.மீ. என்றால் கை கொடுக்கும் விசை வாயில் 5 மடங்காகும். நாம் செய்யப்போவது பின்பக்கம் வளைந்த இடுக்கி. கை நடுவில் அழுத்துகிறது, முனை தூரத்தில் இருக்கிறது. வளைவிலிருந்து 12 செ.மீ.யில் கை, 22 செ.மீ.யில் முனை என்றால், கையின் விசையில் பாதியளவுதான் முனைக்குப் போகும். அதற்கு ஈடாக, விரல் கொஞ்சம் அசைந்தாலே முனை இரு மடங்கு அசையும். மென்மையான பொருளை நசுக்காமல் எடுக்க இதுதான் ஏற்றது. 2 லிட்டர் தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்கு இதை நம்பக் கூடாது.

படி 2: யாருடைய கை?

இடுக்கியைச் செய்பவரின் கையை அளக்காதீர்கள், பயன்படுத்தப் போகிறவரின் கையை அளந்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி இருந்தால் அவர் கைதான் அளவு. அக்காவின் கை சிறியது என்றால் அதுதான் அளவு.

பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியாஷ் 2004ல் கைக்கருவிகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இரட்டைப் பிடி உள்ள கருவியை நுணுக்கமான வேலைக்குப் பயன்படுத்தும்போது, பிடிகளுக்கு இடையிலுள்ள தூரம் மூடிய நிலையில் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, திறந்த நிலையில் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. அதாவது 2.5 செ.மீ. முதல் 7.5 செ.மீ. வரை. சிறிய கைகளுக்கு 5 செ.மீ. திறப்பே போதும். கையை விட்டதும் கருவி தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நம் இடுக்கியில் அந்த வேலையைப் பின்வளைவு பார்த்துக்கொள்ளும்.

படி 3: ஸ்கேல் மாதிரி

30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் இரண்டு எடுத்து, ஒரு முனையில் இரண்டுக்கும் நடுவே 3 செ.மீ. தடிமனுள்ள மரத்துண்டை வைத்து, டேப்பால் இறுகச் சுற்றுங்கள். இடுக்கியின் மாதிரி தயார். பயன்படுத்தப் போகிறவரிடம் கொடுத்து ஜாலியில் கிடப்பதை எடுக்கச் சொல்லுங்கள். கை எங்கே தானாகப் போய் நிற்கிறதோ அங்கே பேனாவால் குறியுங்கள். நீளம் போதுமா, முதுகு குனிகிறதா என்றும் பாருங்கள். நாம் செய்யும் இடுக்கி மடக்கிய பிறகு 24 செ.மீ. நீளம் வரும். தரையோடு இருக்கும் மோரிக்கு அது போதாமல் போகலாம், அப்போது இடுக்கியின் கைகளை நீளமாக்குங்கள்.

படி 4: எந்தப் பட்டை?

மும்பையில் கடற்காற்றின் உப்பு எல்லா உலோகத்தையும் சோதித்துவிடும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். 304 ரக எவர்சில்வரில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். விலை குறைவு, துருவும் சீக்கிரம் வரும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்று பலர் சொல்வார்கள். 304, 202 இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையால் இவற்றைப் பிரிக்க முடியாது. கடையில் ரகம் பார்க்கும் சொட்டுத் திரவம் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள்.

அளவு: 50 செ.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தடிமன். தடிமனில் மட்டும் கவனம் தேவை. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 0.8க்குப் பதிலாக 1 மி.மீ. எடுத்தால் அழுத்தத் தேவையான விசை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். வலியுள்ள விரலுக்கு அது பெரிய வித்தியாசம்.

கருவிகளுக்கு மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனால் அரம், ஹேக்ஸா (உலோகம் அறுக்கும் வாள்), வைஸ் (பொருளை இறுகப் பிடிக்கும் கருவி) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தாராவியில் தகட்டுப் பட்டறை தெரிந்தவர்கள் அங்கேயே வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

படி 5: வெட்டு, பள்ளம், முனை

ஹேக்ஸாவில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு போடுங்கள். பல் பெரிதாக இருந்தால் மெல்லிய தகட்டில் சிக்கும். கையுறை கட்டாயம். வெட்டியதும் எல்லா விளிம்பையும் அரத்தால் தேய்த்து, பிறகு 240, 400 எண் எமரி பேப்பரால் மழமழவென்று ஆக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பயன்படுத்துபவரின் விரல்தான் கிழியும்.

இனி பட்டையின் நடுவைக் குறியுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் 9 செ.மீ. தட்டையாகவே இருக்கட்டும், ஸ்பிரிங் ஆகப்போவது அந்தப் பகுதிதான். அதற்கு அப்பால் 12 செ.மீ. நீளத்துக்கு லேசாகக் குழிவு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முனைகள் தொட்ட பிறகு நீங்கள் கொடுக்கும் விசை பொருளைப் பிடிக்காமல் இடுக்கிக் கையின் நடுவை வளைப்பதிலேயே போய்விடும். எஃகு அளவு டேப் குறுக்கே வளைந்திருப்பதால்தான் நீட்டினால் விறைப்பாக நிற்கிறது. இங்கேயும் அதே சூத்திரம். மரக்கட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் செதுக்கி, பட்டையை அதன்மேல் வைத்து, ஓர் இரும்புக் கம்பியைப் பட்டைமேல் படுக்க வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். உப்பிய பக்கம் வெளியே, உள்ளங்கை படும் பக்கம் இருக்கட்டும்.

அடுத்து முனை. 20 மி.மீ. அகலத்தை 10 மி.மீ.க்கு ஒடுக்கி, முக்கோண அரத்தால் 2 மி.மீ. ஆழத்துக்குப் பல் வெட்டுங்கள். ஒரு பக்கத்துப் பல் மறுபக்கத்து இடைவெளியில் உட்கார வேண்டும். முடி அப்போதுதான் நழுவாது. பல்லின் நுனியைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பிறகு வைஸில் வைத்து, கடைசி 2 செ.மீ.யை ஏறக்குறைய 25 டிகிரி உள்நோக்கி வளையுங்கள். இதில் இரட்டைப் பயன் உண்டு: முனைதான் முதலில் தொடும், கை வைக்கும் இடத்தில் 2.5 செ.மீ. அளவு இடைவெளியும் மிஞ்சும். விரல் நசுங்காது.

அடுப்படி இடுக்கிக்கு ஒடுக்க வேண்டாம், பல்லும் வேண்டாம். மூலைகளை உருட்டினால் போதும். எண்ணெயிலிருந்து கை தள்ளி இருக்க 30 செ.மீ. நீளம் நல்லது, பட்டை 62 செ.மீ. வாங்குங்கள், குழிவையும் அதற்கேற்ப நீட்டுங்கள். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் முனை செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே அது இளகிவிடும்.

படி 6: வளைவு

இதைக் கடைசியாகச் செய்ய வேண்டும். 1 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 33 மி.மீ. இருக்கும். அதை வைஸில் பிடித்து, பட்டையின் நடுவை அதன்மேல் வைத்து, இரு கையாலும் இழுத்து மடக்குங்கள். முனைகள் தொடும்வரை மடக்கிவிட்டுக் கையை எடுங்கள். வாய் தானாக விரியும். எவ்வளவு விரிகிறதோ அதுதான் அந்தப் பட்டைக்கு இயல்பான திறப்பு. 5 முதல் 7 செ.மீ. வந்தால் சரி. குறைவாக வந்தது என்று கையால் விரித்துவிட்டால், அடுத்த முறை அழுத்தும்போது பழையபடி குறுகிவிடும். பெரிய குழாயில் வளைப்பதுதான் அதற்கு வழி.

வளைவில் ஓட்டை போடாதீர்கள். விசை அதிகம் தாங்கும் இடம் அது. மாட்டி வைக்க ஓட்டை தேவையும் இல்லை, வளைவையே ஆணியில் தொங்கவிடலாம். முனை கீழே இருப்பதால் தண்ணீரும் வடிந்துவிடும்.

படி 7: சோதனை

சோப்புக் கையோடு சோதிக்க வேண்டும், உலர்ந்த கை எல்லாவற்றையும் பிடித்துவிடும். எலுமிச்சம்பழம், ஒரு கொத்தமல்லி இலை, தரையில் ஒட்டிய ஈரச் சோறு, ஒற்றை முடி, ஈரத் தேங்காய் நார். பயன்படுத்தப் போகிறவரே எடுத்துப் பார்க்கட்டும். தொடர்ந்து எடுக்கும்போது கட்டைவிரல் அடியில் வலிக்கிறது என்றால் 0.6 மி.மீ. பட்டையில் இன்னொன்று செய்யுங்கள். விளிம்பு உறுத்தினால் மறுபடி எமரி போடுங்கள்.

கைப்பிடிக்கு ரப்பர் உறை போடலாமா என்று தோன்றும். மோரி இடுக்கிக்கு வேண்டாம். உறைக்கடியில் தேங்கும் ஈரத்தில்தான் எவர்சில்வர் முதலில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளீச்சிங் போட்டு மோரியைக் கழுவிய அன்று இடுக்கியை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள், குளோரினும் அதே அரிப்பைத்தான் செய்யும். மோரி இடுக்கிக்கான ஆணியை மோரிச் சுவரிலேயே அடித்துவிடுங்கள், அடுப்பு மேடைப் பக்கம் அது வரவே கூடாது.