பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: எதை வாங்குவது, எதைப் பட்டறையில் செய்துகொள்வது

வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று வெளிநாட்டிலிருந்து வரும் புது மேட்ச் (போட்டி) ரைஃபிள்களின் விலை லட்சங்களில்தான் தொடங்குகிறது. ரேஞ்சில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பிள்ளைக்கு அதை வாங்கித் தர எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. பழைய ரைஃபிளை வாங்கி, வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலரும் அந்த வழியில் இறங்குகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் எதைக் காசு கொடுத்து வாங்குவது, எதைத் தச்சரிடமோ லேத் பட்டறையிலோ கொடுப்பது என்பதில் தவறினால், மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாகும். காற்று அடைபடும் பாகமும் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) ஓடும் பாகமும் கம்பெனித் தயாரிப்பாகவே இருக்கட்டும். உடம்பில் படும் பாகங்களைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

முதலில் சட்டம். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசன்ஸ் வேண்டாம். மேட்ச் ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 முதல் 175 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 8 ஜூல்தான். வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பேரலை (பெல்லட் ஓடும் குழாயை) வெளிநாட்டு இணையக் கடையில் தனியாக ஆர்டர் போட்டுவிட்டுக் கஸ்டம்ஸில் அலைய வேண்டாம். பேரலை இங்கேயே கடைந்துகொள்ளும் யோசனையும் வேண்டாம். ஆயுதம் தயாரிக்கத் தனி உரிமம் தேவை.

பழைய ரைஃபிளில் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர்

விற்பவர் ஸ்டாக்கின் (ரைஃபிளின் உடல் கட்டையின்) பளபளப்பைக் காட்டுவார். நீங்கள் அழுத்தக் காற்று நிரப்பும் சிலிண்டரைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மேட்ச் ரைஃபிள் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாக 10 வருடம். அந்த ஆயுள் முடிந்துவிடவில்லையா என்று பார்ப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதி சொல்கிறது. எட்டு வருடம் ஓடிய சிலிண்டர் என்றால், புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்குப் புதுச் சிலிண்டர் இப்போதும் கிடைக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மரை மாறும்.

அடுத்து கசிவு. முழு அழுத்தத்துக்கு நிரப்பி, சூடு ஆறியதும் முள் நிற்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. அது சின்னச் செலவு.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டரைச் சோதிக்க, பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வேண்டும். கிளப்பில் கேட்டால் கிடைக்கும். பத்து ஷாட் சுட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே நொடிக்கு 2, 3 மீட்டர் வித்தியாசம் இருந்தால் நல்ல ரைஃபிள். 5-ஐத் தாண்டினால் சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிறகு அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். முதல் ஷாட் மட்டும் வேகமாகப் போய், அடுத்தவை பழைய நிலைக்கு வந்தால், ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்காமல் மெல்ல ஏறவிடுகிறது என்று பொருள். இந்தக் குறையை விற்பவரே கவனித்திருக்க மாட்டார்.

பேரலைச் சோதிக்க ரைஃபிளை வைஸில் பிடித்து 10 மீட்டரில் பத்து ஷாட் சுட வேண்டும். டார்கெட்டில் 10-க்கான புள்ளி 0.5 மி.மீ.; பெல்லட் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10. ஆகவே புள்ளியை நடுவாகக் கொண்ட 9.5 மி.மீ. வட்டத்துக்குள் துளை அடங்கினால் எல்லா ஷாட்டும் 10. பேரலும் பெல்லட்டும் ஒத்துப்போனால் குரூப் (பத்து துளைகளும் சேர்ந்து விழும் பரப்பு) 7 மி.மீ.க்குள் வந்துவிடும். அப்படி வந்த பிறகும் பிள்ளைக்கு 9 விழுந்தால், ரைஃபிளை மாற்றிப் பயனில்லை.

குரூப் விரிந்தால் பேரலைப் பழிப்பதற்கு முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். பெல்லட்டின் தலை அளவு 4.48, 4.49, 4.50 மி.மீ. என்று வரும். ஒரே அளவிலும் பேட்ச் மாறினால் குரூப் மாறும். நாலைந்து பேட்சில் ஒவ்வொரு டின் வாங்கிச் சுட்டுப் பார்த்து, நன்றாக விழும் பேட்சை மொத்தமாக வாங்கி வையுங்கள். ஸ்டாக்கின் அழகுக்குப் போகிற பணம் இங்கே வந்தால் பாயிண்ட் ஏறும்.

கை வைக்கக் கூடாதவை

சிலிண்டரில் நிரப்பும் 200 பார் அழுத்தம் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 200 கிலோ. 30 மி.மீ. விட்டமுள்ள மூடியின் மீது சுமார் 1,400 கிலோ தள்ளுகிறது. சிலிண்டரில் காற்று நிரப்ப மாட்டும் அடாப்டரை லேத்தில் கடைந்து, அதன் மரை ஒன்றிரண்டு சுற்று குறைந்தாலும் அது தோட்டாவாகத் தெறிக்கும். அடாப்டரை ரைஃபிள் கம்பெனியுடையதாகவே வாங்குங்கள். வெல்டிங் கடை ஆக்சிஜனை நிரப்பவே கூடாது. உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும். ஓ-ரிங் மாற்றும்போது காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். ட்ரிகரை அரம் போட்டு லேசாக்குவதும் வேண்டாம். அதில் இருக்கும் ஸ்குரூக்களே போதும்.

ஹேண்ட் பம்ப் மலிவுதான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு ஈரமும் உள்ளே போகும் என்பதுதான் தொல்லை. நடுநடுவே நிறுத்தி, வடிகால் ஸ்குரூவைத் திறந்து தண்ணீரை விடுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஸ்கூபா டேங்க் வைத்துக்கொள்வது இதைவிட மேல்.

செய்துகொள்ளக் கூடியவை

இடது கை தாங்கும் உயர்த்துக் கட்டையைக் கடையில் வாங்குவது வீண். பிள்ளையை நிற்கும் பொசிஷனில் நிறுத்தி, முழங்கை இடுப்பெலும்பில் பதிந்து, தலை சாயாமல் கண் டயாப்டருக்கு (பின்பக்கக் குறிபார்க்கும் துளைக்கு) நேராக வரும்வரை ஸ்டாக்குக்கும் கைக்கும் நடுவே அட்டைகளை அடுக்குங்கள். அந்த உயரமே அளவு. நன்கு உலர்ந்த தேக்கில் செய்யச் சொல்லுங்கள். ஈரமரம் வெயில் காலத்தில் முறுக்கிக்கொள்ளும். ஒரே கட்டையாக வேண்டாம், 5 மி.மீ. பலகைகளாக அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், கழற்றலாம். ஸ்டாக்கின் அடியில் உள்ள ரெயிலில் மாட்டும் நட்டை அலுமினியத்தில் கடைவதற்கு முன் ரெயிலின் பள்ளத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள். பேரலின் நடுக்கோட்டிலிருந்து கட்டையின் அடிவரை 120 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் போட்டியன்று எக்விப்மென்ட் கன்ட்ரோலில் (கருவிச் சோதனையில்) திருப்பி அனுப்புவார்கள்.

ரைஃபிளில் மாட்டும் எடைகளையும் லேத்தில் செய்யலாம். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடில் 26 மி.மீ. நீளம் வெட்டினால் 100 கிராம். பித்தளையில் 24 மி.மீ. போதும். எல்லாம் மாட்டியபின் ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு அந்த எல்லை வரை ஏற்றவே வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் பழக பெல்லட் பெட்டி வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டில் வாய் 20 செ.மீ. சதுரம், ஆழம் 25 செ.மீ.; உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகட்டை, படும் முகம் கீழ்நோக்கி இருக்க 45 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். நேராக நிறுத்தினால் ஈயச் சிதறல் சுடுபவர் பக்கமே திரும்பும். டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். அடியில் சேரும் ஈயத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கவாட்டுக் கதவு இருக்கிற அறையில் அதைப் பூட்டாமல் சுடக் கூடாது.

ஷூட்டிங் ஜாக்கெட்டை ஊர் டெய்லரிடம் தைக்கக் கொடுத்தால், துணியின் தடிமன் 2.5 மி.மீ.யைத் தாண்டினாலோ விறைப்பு கூடினாலோ போட்டியில் ஏற்க மாட்டார்கள், வீணாகிவிடும். ஷூட்டிங் உடை தைக்கும் இந்தியத் தயாரிப்பாளர்களிடம் அளவு கொடுங்கள், அல்லது வளர்ந்துவிட்ட சீனியருடையதை வாங்குங்கள்.

சி.என்.சி. பட்டறையில் அலுமினிய ஸ்டாக் ஒன்று போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒற்றைப் பீஸுக்கு டிராயிங், புரோகிராம், அனோடைசிங் எல்லாம் சேர்ந்தால், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஸ்டாக்கோடு வரும் பழைய ரைஃபிளுக்கும் உங்களுடையதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை நெருங்கிவிடும். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் கையிலிருப்பதை விற்று மாற்றுவதே மலிவு.