மேட்லேபில் கூடா நிரலைத் தொகுக்கும்போது

கூடா (CUDA) என்பது என்விடியாவின் ஜிபியூவில், அதாவது வரைகலைச் செயலியில், கணக்கீடுகளை ஓட்டும் முறை. அந்த நிரல் இருக்கும் .சியூ (.cu) கோப்பைத் தொகுக்க, பேரலல் கம்ப்யூட்டிங் டூல்பாக்ஸ் இருந்தால், மேட்லேபுக்குள்ளேயே மெக்ஸ்கூடா (mexcuda) என்ற கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் மட்டும் உங்கள் மேட்லேப் பதிப்பு ஏற்கும் விஷுவல் ஸ்டூடியோவின் சி++ கம்பைலர் முன்கூட்டியே இருக்க வேண்டும். முதல் தடவை தோற்றால் பெரும்பாலும் பதிப்புப் பொருத்தமின்மைதான் காரணம், உங்கள் நிரல் அல்ல.

தொகுப்பு முடிந்தும் விடை தப்பாக வருகிறதா? முதலில் தரவு வகையைப் பாருங்கள். மேட்லேபின் இயல்பு எண் 8 பைட் டபுள். கெர்னலில், அதாவது ஜிபியூவில் ஓடும் சார்பில், 4 பைட் ஃப்ளோட் என்று எழுதியிருந்தால் 1 என்ற எண் 0, 1.875 என்று இரண்டாகப் பிளந்து படிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு. ஒன்று கெர்னலை டபுளுக்கு மாற்றுங்கள், இல்லையேல் மேட்லேபில் 4 பைட் சிங்கிளாக்கி அனுப்புங்கள். அணிகள் நெடுவரிசை வாரியாக அடுக்கப்படுவதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது எல்லைச் சோதனை. ஜிபியூவில் இணையாக ஓடும் இழை த்ரெட், த்ரெட்களின் குழு பிளாக். 1000 உறுப்புகளுக்கு, பிளாக்குக்கு 256 த்ரெட் வீதம் 4 பிளாக் ஓடும். ஆக 1024 த்ரெட். மிஞ்சும் 24-ஐ இஃப் போட்டுத் தடுக்காவிட்டால் அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தில் எழுதிவிடும்.

திருத்தி மறுபடி தொகுக்கையில் கோப்பில் எழுத முடியவில்லை என்று வந்தால், முன்பு தொகுத்ததில் உருவான பழைய மெக்ஸ் கோப்பு இன்னும் மேட்லேபில் ஏற்றப்பட்டிருக்கிறது. கிளியர் மெக்ஸ் (clear mex) கொடுத்துவிட்டுத் தொகுக்கவும்.

வேகத்தை அளக்க மேட்லேபின் டிக், டாக் (tic, toc) என்ற நேரமளக்கும் கட்டளைகள் மட்டும் போதாது. ஜிபியூ வேலையை முடிக்கும் முன்பே கட்டுப்பாடு திரும்பிவிடும். ஜிபியூடைமிட் (gputimeit) பயன்படுத்துங்கள்.