அனிமேஷன் பட்டறை நடத்தும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பெங்களூரில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து கல்லூரி லேபில் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைக் கற்றுத்தர முதல் பட்டறை போட்டோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். "எல்லாரும் பிளெண்டரை டவுன்லோடு பண்ணிக்குங்க" என்று சொல்லி பத்து மணிக்குத் தொடங்க நினைத்தோம். பதினொன்றரை ஆகியும் பாதிப் பேருக்கு டவுன்லோடு முடியவில்லை. மீதிப் பேரிடம் கணினி அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அது தெரிந்த லேப் அண்ணாவுக்கு சனிக்கிழமை லீவு.

பிளெண்டர் இலவசம். 2002இல் அதன் மூல நிரலே பொதுவில் வந்துவிட்டது. ஜிப்பாகவும் கிடைக்கும், பிரித்துத் திறந்தால் போதும், இன்ஸ்டாலும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். முந்தின நாளே நாலைந்து பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கலாம். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும். 2019இல் 2.80 வந்தபோது முகப்பே மாறியது. வலது கிளிக்கில் தேர்ந்தெடுத்தது இடது கிளிக்குக்கு வந்தது. பழைய வீடியோ பார்த்துப் படித்தவர் புதிய பதிப்பில் தடுமாறத்தான் செய்வார். டச்பேடை வைத்துக்கொண்டு முப்பரிமாணத்தில் சுற்றுவதும் வேதனை. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் மலிவாக மவுஸ் கிடைக்கும், பத்து வாங்கி வையுங்கள். பார்வைக் கோணத்தை மாற்ற உதவும் நம்பர்பேட் இல்லாத லேப்டாப்பில் 'எமுலேட் நம்பேட்' ஆன் செய்தால் மேல் வரிசை எண்களே போதும்.

அடுத்த தவறு பாடத்திட்டத்தில். யூடியூபைப் பார்த்து நாங்களும் டோனட்டில் ஆரம்பித்தோம் (எங்கள் பட்டறையில் அது மெதுவடை, வடிவம் ஒன்றுதானே). மாவு, மொறுமொறுப்பு, வெளிச்சம் என்று சாயங்காலம் வரை போய்விட்டது. வடை அருமையாக வந்தது. ஆனால் அசையவில்லை. அனிமேஷன் கற்க வந்தவர்கள் நகராத பலகாரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போதெல்லாம் முதல் மணி நேரத்திலேயே பந்துதான். ஓர் உருண்டை, மேலே ஒரு கீஃப்ரேம் (இந்த நேரத்தில் பொருள் இங்கே இருக்கட்டும் என்று குறித்து வைப்பது), தரையில் ஒன்று, மறுபடி மேலே ஒன்று. ஓடவிட்டதும் யாராவது ஒரு ஜூனியர் கேட்பார்: "அண்ணா, என்ன பலூன் மாதிரி இறங்குது?" அந்தக் கேள்வி வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். உடனே பட்டனைச் சொல்லிவிடுவதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்த தப்பு. நிஜப் பந்தைக் கொடுத்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். தரையைத் தொட ஏறக்குறைய 0.45 விநாடி, அதாவது விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 11 பிரேம். உச்சியில் தயங்குகிறது, கீழே வர வர வேகம் கூடுகிறது, தரையில் கொஞ்சமும் நிற்பதில்லை. பிளெண்டரோ தானாகவே எல்லா கீஃப்ரேமிலும் வேகத்தைக் குறைத்து மெதுவாக நிறுத்துகிறது. அதனால்தான் பலூன். இதைக் கண்ணால் பார்த்த பிறகு, அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் தரைக் கீஃப்ரேமைத் தேர்ந்து 'வி' அழுத்தி, மெதுவாக நிற்காமல் சட்டென்று திரும்ப வைக்கும் 'வெக்டர்' கொடுக்கச் சொன்னால் ஒருவருக்கும் மறக்காது.

மெனுப் பெயர்களைத் தமிழாக்கிச் சொல்லாதீர்கள், திரையில் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். விளக்கம் மட்டும் தமிழில் இருக்கட்டும். எக்ஸ்ட்ரூட் என்றால் முறுக்கு பிழிவது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

ரெண்டரை, அதாவது காட்சியைக் கணினி முழுப் படங்களாக உருவாக்கும் வேலையை, கடைசி மணி நேரத்துக்குத் தள்ளினால் அவ்வளவுதான். ஒரு பிரேமுக்கு 2 நிமிடம் என்றால் 10 விநாடிக்கு 240 பிரேம், 8 மணி நேரம். லேபை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் இரண்டு முறைகளில் மெதுவான சைக்கிள்ஸை விட்டு வேகமான ஈவீயில், படத்தின் கால்வாசி அளவில் ஓட்டுங்கள். நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். கரண்ட் போனாலும் அதுவரை வந்த பிரேம்கள் பத்திரமாக இருக்கும்.

அப்புறம் ஒன்று. வீட்டில் கோப்பைத் திறந்தால் எல்லாமே பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் இருக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். பொருள்களின் மேல் ஒட்டிய படங்கள் லேப் கணினியின் டவுன்லோட்ஸிலேயே தங்கிவிட்டன, அதுதான் காரணம். கிளம்பும் முன் ஃபைல் மெனுவில் 'பேக் ரிசோர்சஸ்' கொடுத்து, படங்களையும் கோப்புக்குள்ளேயே சேர்த்து சேவ் செய்ய வையுங்கள், ஒரு நிமிட வேலை.