பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ‘குடியேறிகள் கொண்டுவந்த தட்டம்மை’ என்று செய்தி வந்தால் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் தட்டம்மை தலைகாட்டும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே பல்லவிதான்: ‘எல்லையைத் திறந்துவிட்டார்கள், நோய் உள்ளே வந்துவிட்டது.’ அங்கே வாழும் தமிழர்களின் குடும்பக் குழுக்களிலும் இது சுற்றுகிறது. விசாவில் போனவர்களே இதை நம்பி அனுப்புவதுதான் வேதனை. உண்மை தெரிய அரை மணி நேரம் போதும்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கிருமி எப்படி வந்தது? வந்தது ஏன் பரவியது? தட்டம்மை ஒழிந்துவிட்டதாக அமெரிக்கா 2000-இல் அறிவித்தது. ஒரே தொற்றுச் சங்கிலி 12 மாதம் தொடராத நிலை என்பதே அதற்குப் பொருள். அதன்பின் பெரும்பாலான சங்கிலிகளின் முதல் பொறி வெளிநாட்டில் தொற்றியதுதான். ஆகவே ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற வரி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். குற்றம் யாருடையது என்பதற்கு அதில் விடை இல்லை. பொறி எத்தனையோ இடங்களில் விழுகிறது. காய்ந்த வைக்கோல் இருக்கும் இடத்தில்தான் பற்றுகிறது.

அடுத்து, ‘இறக்குமதி’ என்ற சொல். பலர் ஏமாறுவது இங்கேதான். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, கடவுச்சீட்டைப் பார்த்து இப்படி வகைப்படுத்துவதில்லை. தடிப்பு தோன்றுவதற்கு முந்தைய 7 முதல் 21 நாட்களுக்குள் நோயாளி வெளிநாட்டில் இருந்தாரா, திரும்பிய 21 நாட்களுக்குள் தடிப்பு வந்ததா என்றே பார்க்கிறது. டாலஸிலேயே பிறந்து வளர்ந்தவர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நோயோடு திரும்பினாலும் ‘இறக்குமதி’தான். தடுப்பூசி போடாமல் பயணம் போய்த் திரும்பும் அமெரிக்கவாசிகளே இவ்வகையில் அதிகம். ‘இறக்குமதியோடு தொடர்புடையது’ என்று இன்னொரு வகை உண்டு. அந்தச் சங்கிலியில் பிறகு தொற்றிய உள்ளூர்க் குழந்தைகளும் அதில் அடக்கம். இரண்டையும் கூட்டி ‘இத்தனை வெளிநாட்டவர்’ என்று எழுதியிருந்தால் அந்தச் செய்தி பொய்.

அந்த 7–21 நாள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தடிப்பு தோன்றிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நோயாளி இரண்டு வருடத்துக்கு முன்பே குடியேறி, அதன்பின் வெளிநாடு போகாதவர் என்றால், அந்தப் பயணத்தில் தொற்றியிருக்க வழியே இல்லை. உள்ளூரில்தான் தொற்றியிருக்கிறது.

பிறகு தடுப்பூசி விகிதம். முழு உழைப்பையும் இதில் போடுங்கள், விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். அமெரிக்காவில் கிண்டர்கார்டன் குழந்தைகளில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) இரண்டு தவணையும் போட்டவர்கள் 2019–20-இல் 95.2%, 2024–25-இல் 92.5%. பரவலைத் தடுக்க 95% வேண்டும். ஆனால் தேசிய சராசரியோடு நின்றுவிடாதீர்கள், மாநிலத்தின் சராசரியும் ஏமாற்றும். கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவு), பள்ளி மாவட்டம் வரை இறங்கிப் பாருங்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் ஊசியிலிருந்து ‘விலக்கு’ பெற்றவர்களின் புள்ளிவிவரம் பெரும்பாலும் இருக்கும். 2025-இல் டெக்ஸாஸில் 762 பேருக்குப் பரவி இரண்டு குழந்தைகளின் உயிரைப் பறித்த தட்டம்மையின் மையம் கெய்ன்ஸ் கவுன்டி. அங்கே கிண்டர்கார்டன் விகிதம் சுமார் 82% மட்டுமே. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதால் உண்மை நிலை இன்னும் மோசமாக இருக்கலாம்.

இந்த வித்தியாசத்தைக் கணக்காகவே காட்டலாம். 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 950 பேர் இரண்டு தவணை போட்டிருந்தால், ஊசி 97% பலன் தருவதால் அவர்களில் சுமார் 28 பேருக்குப் பாதுகாப்பு இருக்காது. போடாத 50 பேரையும் சேர்த்தால் 78. 820 பேர் மட்டுமே போட்டிருந்தால் 25-ம் 180-ம் சேர்ந்து 205. ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடிய கிருமிக்கு இந்த இடைவெளி பெரிய வாசல்.

கிருமியின் மரபணு வகையைச் சாட்சியாகக் காட்டினால் நிதானியுங்கள். 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய பரவலின் பி3 வகை பிலிப்பைன்ஸில் இருந்ததோடு ஒத்துப்போனது. அதே வகை அப்போது வேறு பல நாடுகளிலும் இருந்தது. முதலில் கொண்டுவந்தவர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மரபணு கிருமியின் வம்சத்தைச் சொல்லும், ஆளின் நாட்டைச் சொல்லாது.

திசையையும் பாருங்கள். மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் 2025-இல் பரவிய தட்டம்மை, கெய்ன்ஸ் கவுன்டியின் செமினோல் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு சிறுவனிடமிருந்து தொடங்கியது. எல்லை தாண்டிப் போனது அமெரிக்காவிலிருந்து.

நோயாளிகள் உண்மையிலேயே குடியேறிகளாக இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது. 2024-இல் சிகாகோவில் புதிதாக வந்தவர்களின் தங்குமிடத்தைச் சுற்றி 57 பேருக்கு வந்தது. மார்ச் 8 முதல் 10 வரை மூன்றே நாளில் அங்கே 882 பேருக்கு ஊசி போட்டார்கள், பரவல் அடங்கியது. 2017-இல் மினசோட்டாவில் நோய் கண்ட 75 பேரில் பெரும்பாலோர் சோமாலியக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தச் சமூகத்தின் இரண்டு வயதுக் குழந்தைகளில் 2004-இல் 92% பேர் எம்எம்ஆர் போட்டிருந்தார்கள். ‘ஊசியால் ஆட்டிசம் வரும்’ என்ற பொய்யை அமெரிக்க மண்ணிலேயே அவர்களிடம் பரப்பிய பிறகு 2014-இல் அது 42% ஆனது. சோமாலியாவிலிருந்து கொண்டுவந்த தயக்கம் அல்ல அது, அமெரிக்காவில் கற்றுக்கொடுக்கப்பட்டது.

பதில் எழுதும்போது பொய்யைத் திரும்ப எழுதாதீர்கள், அது இன்னும் பரவும். உண்மையை முதல் வரியில் வையுங்கள். மூத்தவர் அனுப்பியிருந்தால் குழுவில் வெட்டிப் பேசாமல் தனியாக அனுப்புங்கள். ‘பெரியப்பா, டெக்ஸாஸில் பரவிய இடத்தில் கிண்டர்கார்டன் பிள்ளைகளில் 100-க்கு 18 பேர் ஊசி முழுசா போடலையாம். கிரீன் கார்டுக்கு எம்எம்ஆர் கட்டாயம், நம்ம ரவியும் போட்டுட்டுத்தானே வாங்கினான்? பேத்திக்கு ரெண்டாவது தவணை போட்டாச்சான்னு ஒருதடவை பாத்துருங்க.’ இவ்வளவு போதும். சுற்றுலா, எச்-1பி விசாக்களுக்கு அந்த நிபந்தனை இல்லை, எனவே ‘எல்லாரும் போட்டுத்தான் வருகிறார்கள்’ என்று மிகைப்படுத்திவிடாதீர்கள்.

அப்படியே உங்கள் வீட்டு அட்டையையும் எடுங்கள். அரசுத் திட்டத்தில் நம் ஊரில் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி 9–12 மாதத்தில் ஒன்று, 16–24 மாதத்தில் ஒன்று. முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை அமெரிக்கப் பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை. 9-ஆம் மாதம், 16-ஆம் மாதம் என்று இரண்டு முத்திரை இருந்தாலும் அங்கே அது ஒரே தவணைதான். பொன்னுக்குவீங்கிக்கான பாதுகாப்பு எம்ஆரில் கிடையாது. எனவே ஒரு எம்எம்ஆராவது போட வேண்டியிருக்கும். தவணைகளுக்கிடையே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். 6–11 மாதக் குழந்தையோடு வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்கூட்டியே ஒரு தவணை போடலாம். அது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே, ஒரு வயதுக்குப் பின் இரண்டு தவணையும் மீண்டும் வேண்டும்.

ஊசி போடாதவர் நோயாளியோடு ஒரே அறையில் இருந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் பலன் உண்டு. ஊசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் தரலாம். மருத்துவமனைக்கு நேரே போய் நிற்காதீர்கள். நோயாளி வெளியேறிய பிறகும் கிருமி இரண்டு மணி நேரம்வரை காற்றில் இருக்கும். முதலில் போன் செய்து ‘தட்டம்மை சந்தேகம்’ என்று சொல்லுங்கள், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.