பழைய கார் பற்றரியில் ஓடும் சின்ன வள்ளம்

பொல்கொடை ஏரியில் இரண்டு பேர் போய்வர ஒரு ஃபைபர் வள்ளத்துக்குப் பெற்றோல் எஞ்சின் தேவையே இல்லை. 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டர் (வள்ளத்தின் ஓரத்தில் பூட்டும் சின்ன மின்சார மோட்டர்) ஒன்றும், நிசான் லீஃப் என்ற மின்சாரக் காரின் பற்றரியில் கழற்றிய மூன்று மொடியூலும் (பற்றரித் துண்டும்) போதும். மோட்டர் பூட்டுவது சின்ன வேலை, பற்றரியில்தான் விஷயமே இருக்கிறது.

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடிப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். மொடியூல் உப்பியிருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். ஆனால் வோல்ட் சரியாகக் காட்டுவதால் மட்டும் அது நல்ல பற்றரி ஆகிவிடாது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய 24 கிலோவாட் அவர் லீஃபில் 48 மொடியூல், அப்படியென்றால் புதிதில் ஒன்று சுமார் 500 வாட் அவர். மூன்றையும் தொடராக இணைத்து 25.2 வோல்ட் வரை சார்ஜ் பண்ணி, லொறி ஹெட்லைட் பல்ப், 24 வோல்ட் 70 வாட், இரண்டை எரியவிடுங்கள். புதியதென்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் எரியும். ஏழு மணி நேரம் எரிந்தாலே தாராளமாக வாங்கலாம். ஒவ்வொரு மொடியூலையும் தனித்தனியாக அளந்துகொண்டே இருங்கள், ஏதாவது ஒன்று 6.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் பல்பைக் கழற்றிவிடுங்கள். மற்ற இரண்டையும் விட முந்தி விழுகிற மொடியூலை மாற்றத்தான் வேண்டும், அது இருந்தால் மூன்றும் சேர்ந்து அதன் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் லித்தியம் அயனுக்கான 6எஸ் பிஎம்எஸ் (தொடராக உள்ள ஆறு செல்லையும் கவனித்துப் பாதுகாக்கும் சர்க்கிட், ஒரு மொடியூலுக்கு இரண்டு செல் கணக்கு), அதற்கேற்ற 25.2 வோல்ட் சார்ஜர். வேறு வகை பற்றரியின் சார்ஜரைக் கொண்டுவந்து செருகாதீர்கள். மோட்டர் முழு வேகத்தில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் வயர் 16 சதுர மில்லிமீட்டர், பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ். வீட்டு டிரிப் சுவிட்சைப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்: டிசி மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி ஏசியில் போலத் தானாக அணையாது, உள்ளே உருகித் தீப்பிடிக்கலாம். டிசி என்று குறித்த பிரேக்கரே வேண்டும். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வள்ளத்தின் அடியில் தண்ணீர் தேங்காத உயரத்தில் கட்டிவிடுங்கள். சார்ஜ் போடுவது வெளியே, நிழலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட ஓடாது. பாதி வேகத்தில் கால்வாசி மின்சாரம்கூடச் செலவாகாது, அதனால் மெதுவாகப் போனால்தான் தூரம் போகலாம். ஆகாயத்தாமரை கண்ணில் பட்டால் மோட்டரைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே வேண்டாம்.