மலை ஊர்ப் பல் கிளினிக்கில் சிபிசிடி ஸ்கேன்: ஒரே தடவையில் சரியாக எடுக்க

தலையைச் சுற்றி வந்து பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரேதான் சிபிசிடி. கூடலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ பஸ் ஏறி ஊட்டிக்கு வந்தவரை, ஸ்கேன் சரியாக விழவில்லை என்று மறுபடி வரச் சொல்வது பாவம். கதிர்வீச்சும் இன்னொரு தடவை ஏறும். ஆகவே பட்டனை அமுக்குவதற்கு முன்தான் முழுக் கவனமும் வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் நான்காவது ரூட் கெனாலுக்கு 5×5 செ.மீ. பரப்பு, 0.1 மி.மீ. வோக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சின்னக் கட்டம்). இம்ப்ளான்ட்டுக்கு (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) 0.2 போதும். சாதாரண சொத்தைக்கு சிபிசிடியே வேண்டாம், சின்ன எக்ஸ்ரே எடுங்கள்.

கம்மல், மூக்குத்தி, சங்கிலி, ஹேர்பின், கழற்றி மாட்டும் பல்செட் எல்லாம் வெளியே. இங்கே குல்லாவும் மஃப்ளரும் சேர்த்து. தடித்த ஸ்வெட்டர் காலரும் சால்வையும் தோளை உயர்த்திவிடும். மெஷினின் சுற்றும் கை அதில் இடிக்கும்.

மலையில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நடுக்கம்தான். மெஷின் சுற்ற 10 முதல் 20 விநாடி. அதற்குள் தலை லேசாக அசைந்தாலே எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாக விழும். அறையை முன்கூட்டியே சூடாக்கி, நோயாளியை உட்கார வைத்து எடுங்கள். "எச்சிலை இப்பவே முழுங்கிடுங்க, கண்ணை மூடிக்குங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்று சொல்லிவிடுங்கள். கண் திறந்திருந்தால் பார்வை மெஷினைத் தொடரும், தலையும் கூடவே திரும்பும். கதிர் இல்லாமல் ஒருமுறை சுற்றிக் காட்டினால் பயம் தெளியும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டாமல் இருக்க நடுவே பஞ்சு உருளை. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலும் ஒன்று வைத்தால் ஈறின் தடிமன் தனியாகத் தெரியும்.

படம் வந்ததும் முதலில் தாடையின் வெளி ஓரத்தைப் பாருங்கள். இரட்டைக் கோடு இருந்தால் அந்தப் படத்தில் அளக்கவே கூடாது. கீழ்த்தாடை நரம்புக் குழாயை, முன்பக்கம் அது வெளிவரும் துளையிலிருந்து பின்னோக்கி வரைந்து வாருங்கள். இம்ப்ளான்ட் நுனிக்கும் குழாய்க்கும் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்குவெட்டு சாய்ந்திருந்தால் எலும்பு நிஜத்தைவிட உயரமாகத் தெரியும். அந்த அளவை நம்பித் துளையிட்டால் நரம்பில்தான் போய் நிற்கும். பல்லுக்குப் போட்ட உலோகக் கேப்புக்குப் பக்கத்தில் விழும் கறுப்புக் கீற்றைச் சொத்தை என்றோ விரிசல் என்றோ எழுதிவிடாதீர்கள்.

ஸ்கேன் பாதியில் கரண்ட் போனால் வாங்கிய கதிர் வீண். யுபிஎஸ் கட்டாயம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் அப்படியே.

கோயம்புத்தூர் சர்ஜனுக்கு அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் உதவாது. டைகாம் (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் போட்டு, அதைத் திறக்கும் வியூவர் சாஃப்ட்வேரையும் சேர்த்து நோயாளி கையிலேயே கொடுத்துவிடுங்கள்.