இலாப நோக்கற்ற சமுதாய வீட்டுவசதியை இனங்கண்டுகொள்வது எப்படி?

இலாப நோக்கற்ற வீட்டுவசதி என்றதும் அது இலவச வீடு என்றோ, செலவுபோக எதுவும் மிஞ்சக் கூடாது என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கடன் தவணை, வரி, பராமரிப்பு ஆகியவை போக மிஞ்சும் உபரி எவருக்கும் பங்காதாயமாகப் போகாமல், பழுதுபார்க்கவும் புதிய வீடுகள் கட்டவும் திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே பெயர்ப்பலகையை நம்பாமல், வீடுகளை நடத்தும் அமைப்பின் துணைவிதிகளை வாங்கிப் படித்து, நிலம் யார் பெயரில் உள்ளது, வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள், விற்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

இத்தகைய வீட்டுவசதி பல வடிவங்களில் உண்டு. வீட்டுவசதிச் சங்கமே உரிமையாளராக இருந்து வாடகைக்கு விடுவது எளிய வடிவம். நெதர்லாந்தில் 1901ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு வழிவகுத்தது. டென்மார்க்கில் குடியிருப்போருக்கே நிர்வாகத்தில் பெரும் பங்கு உண்டு.

கூட்டுறவு என்ற சொல்லில்தான் கவனம் தேவை. சில கூட்டுறவுகளில் உறுப்பினர் தம் பங்கைச் சந்தை விலைக்கே விற்கலாம். அங்கே விலை உயர்வின் இலாபம் விற்பவருக்கே போகிறது. மாறாக, உருகுவேயின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில் குடும்பங்கள் தாமே உழைத்து வீடு கட்டினாலும், உரிமை கூட்டுறவிடமே இருக்க, அவர்களுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும் கிடைக்கிறது.

1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த சமுதாய நில அறக்கட்டளை, என் பார்வையில், இவற்றுள் மிக நுட்பமானது. நிலம் அறக்கட்டளையிடம் நிலைத்திருக்கும். கட்டடத்தை மட்டும் வாங்குபவர், நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுகளுக்கு, எடுக்கிறார். மறுவிற்பனை விலையைக் குத்தகைப் பத்திரமே வரையறுக்கிறது. மதிப்பு உயர்வில் கால்பங்கு விற்பவருக்கு என்று வைத்துக்கொண்டால், 100க்கு வாங்கிய வீட்டின் சந்தை மதிப்பு 140 ஆனாலும் அவர் 110க்குத்தான் விற்க முடியும். அடுத்து வருபவருக்கும் வீடு கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. எனவே இந்தக் கணக்கைக் கையொப்பமிடும் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஜெர்மனியின் வாடகை வீடுகள் கூட்டமைப்பு (Mietshäuser Syndikat) விற்பனையைத் தடுக்க வேறொரு பூட்டைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு வீட்டையும் வைத்திருக்கும் நிறுவனத்தில், குடியிருப்போர் சங்கமும் கூட்டமைப்பும் மட்டுமே பங்காளிகள். இருவரும் இசையாமல் வீட்டை விற்க முடியாது.

எந்த வடிவமானாலும், அமைப்பு கலைக்கப்பட்டால் சொத்து யாருக்குச் சேரும் என்ற விதியைக் கடைசியாகத் தேடிப் படியுங்கள். உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தால், நிலத்தின் மதிப்பு ஏற ஏறக் கலைப்பதற்கான தூண்டுதலும் ஏறும். அதே நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்கே போக வேண்டும் என்றிருந்தால், அந்தத் தூண்டுதலுக்கு இடமில்லை.